ஊர் திட்டும் ஆரன்

ஐப்பசி 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். போர் போடும் ரிக் லாரி திருச்செங்கோட்டுப் பட்டறையில். மழை நிற்கும்வரை வடக்கே போகும் பேச்சே இல்லை. அண்ணன் பட்டறையில், நான் வீட்டில். செய்ய வேண்டியவை: கம்ப்ரஷர் பெல்ட். முடி வெட்டு. பூட்ஸுக்கு வெயில் காட்டுவது (வெயில் எங்கே?).

ஒன்றும் செய்யவில்லை.

அண்ணி கல்லில் தோசையை ஊற்றிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். பயந்துபோய் யாருக்கு என்ன என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க தம்பி, கதை. இதுல ஆரன்னு ஒருத்தன் வாரான். நாசமாப் போறவன். நம்புன புள்ளைய நட்டாத்துல உட்டுப்போட்டு ஓடிட்டானுங்க."

தோசை கருகியது. அதற்கும் ஆரனுக்குத்தான் திட்டு.

கதையின் பெயர் தாகநகரம். ஆப்பில் வரும் தொடர். வருங்காலத்துச் சேலமாம். பூமிக்கடியில் இருக்கும் தண்ணீரெல்லாம் ஆணையத்துக்குச் சொந்தம். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு குடம். கல்யாணத்தையும் ஆணையம்தான் முடிவு செய்யும். பெட்டிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சேரலாம், சிவப்பு வந்தால் பிரிய வேண்டும். இதழி என்றொரு பெண், துளை போடும் ஆரன், காதல். சீட்டு எதுவாக இருந்தாலும் விடியலில் வடக்கு வாசலில் சந்தித்து ஓடிவிடுவதாகப் பேச்சு. ஆரனுக்குச் சிவப்பு வந்தது. அவன் வரவில்லை.

"அவனுக்கு இடது புருவத்துல ஒரு வெட்டுங்க தம்பி. உங்களுக்கு இருக்குதே, அதே மாதிரி." அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

எழுதுபவர் பெயர் சாம்பல்குயில்.

குயிலாம். கோகிலா, நீதானா?

ஐப்பசி 12, புதன்

மழை. வந்தவரை எல்லா அத்தியாயமும் படித்தாயிற்று. கண் எரிகிறது. வயிறு அதைவிட எரிகிறது.

அவள்தான். என்னிடமிருந்து எடுத்தவை:

புருவத்து வெட்டு (ராடு கழற்றும் ஸ்பேனர் அடித்தது. கதையில் ஆணையத்துக் காவலன் அடித்ததாம்).
எதற்கெடுத்தாலும் "சரி உடு" என்பது.
டீயில் உடைந்து விழுந்த பிஸ்கட்டை விரலால் எடுத்துத் தின்பது.
டீசலும் சோப்பும் கலந்த வாடை. அதை நல்ல வாசனை என்று எழுதியிருக்கிறாள். அதற்கு மட்டும் நன்றி.
சிவப்பு.

அந்தச் சிவப்புதான் தாங்கவில்லை. இரண்டு வருஷம் முன்பு, தை மாதம். வெண்ணந்தூர் கோகிலா. அவள் அப்பாவுக்கு எட்டுத் தறி. நாங்கள் காடு தோட்டம் வைத்திருக்கும் ஆட்கள். அவர்கள் வேறு, நாங்கள் வேறு, இரண்டு வீட்டிலும் வெட்டிப்போடுவார்கள். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை முதல் சேலம் பஸ் என்று முடிவு. "பூவெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்காதே. கெளம்பி வா" என்றுதான் சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் போர் போடுவதானாலும் பெண் எடுப்பதானாலும் பூ கேட்காமல் ஒன்றும் கிடையாது. போகும் வழியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெரு மாரியம்மன் கோவிலில் கேட்டேன். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், அம்மன் காலடியில். பூசாரி எடுத்துக் கொடுப்பதுதான் உத்தரவு: வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் கூடாது.

சிவப்பு வந்தது. "சிவப்பு வந்துடுச்சு, மன்னிச்சுக்கோ" என்று செய்தி அனுப்பினேன். வடக்கே கிளம்பிய ரிக்கில் ஏறினேன். சாமி சொன்னதை மீற முடியுமா?

அதைப் போய் ஊருக்கெல்லாம் கதையாக விற்கிறாள். கீழே ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "சீட்டுக்குப் பயந்தவன் ஆம்பளையா?" அதற்கு நானூறு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

நானூறு பேர்.

ஐப்பசி 13, வியாழன்

தூறல் விட்டது. முடி வெட்டியாயிற்று. கடைக்காரர் காதுக்குப் பின்னால் கீறிவிட்டார்.

அதே ஆப். புதுப் பெயர். புதுக் கதை: ஆரன் பேசுகிறேன். அவளுக்கு மட்டும்தான் கை இருக்கிறதா? பத்தாம் வகுப்பில் தமிழில் நான்தான் முதல்.

என் கதையில் ஆரனுக்கு வருவது வெள்ளைச் சீட்டு. சும்மா கதைக்கு. மழையில் நனைந்துகொண்டு வடக்கு வாசலில் நிற்கிறான். விடிகிறது. இதழி வரவில்லை. ஏன் வரவில்லை? நாலு குடம் தண்ணீருக்காக அவனை ஆணையத்திடம் காட்டிக்கொடுத்துவிட்டாள். நாலு குடம்! எழுதும்போதே குளுகுளுவென்று இருந்தது.

மத்தியானம் போட்டேன். சாயங்காலம் அண்ணி சமையலறையிலிருந்து ஓடிவந்தார், கையில் கரண்டியோடு.

"தம்பீ, கதை தெரியுங்களா? ஆரன் மேல தப்பே இல்லையாமா! அந்தப் பையனே எழுதியிருக்கறானுங்க. நாலு கொடம் தண்ணிக்குக் காட்டிக் குடுத்துப்போட்டாளாமா. படுபாவி. எத்தன நாளு அவளுக்காக அழுதேன்!"

"சரி உடுங்க அண்ணி" என்றேன்.

"பாவம் அந்தப் பையன். பெத்தவ பார்த்தா மனசு என்ன பாடுபடும்?"

இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஐப்பசி 14, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. பூட்ஸ் காய்கிறது. பெல்ட் வாங்கவில்லை, அண்ணன் போனில் கத்தல்.

இரண்டாம் அத்தியாயம் போட்டாயிற்று. இதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி ஏற்றினேன். இதழியின் வலது முழங்கையில் கொதிநீர் பட்ட தழும்பு. இதழியின் வீட்டில் எட்டு யந்திரம் ஓடும் சத்தம், அதனால் அவள் எப்போதும் கத்தித்தான் பேசுவாள். தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவளுக்குக் கட்டாயம் தெரியும்.

தெரிந்திருக்கிறது. மதியம் தாகநகரத்தில் அடுத்த அத்தியாயம் வரவில்லை. அதற்குப் பதில் சாம்பல்குயிலின் அறிவிப்பு, இரண்டே வரி: "ஆரனை யாரும் திட்டாதீர்கள். அவனுக்கு வந்தது சிவப்பு."

என்ன பெரிய மனசு! திட்டவும் வைப்பாளாம், திட்டாதே என்றும் சொல்வாளாம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறாள்.

சாயங்காலம் அண்ணி ரேஷன் கடையிலிருந்து சேதியோடு வந்தார். வெண்ணந்தூரில் அவருடைய சித்தி பெண் இருக்கிறாள். "எட்டுத்தறிக்காரரு புள்ள கோகிலாவுக்குத் திங்கக்கெழம நிச்சயமாமா. பத்து மணிக்குத் தட்டு மாத்தறாங்களாமா. மாப்பிள்ளை வாழப்பாடி, பேங்குல வேலை. அவரு அக்காளும் இந்த ஆரன் கதையத்தான் உருகி உருகிப் படிக்கறாளாமா. உலகம் எவ்வளவு சின்னதுங்க தம்பி."

ஆமாம் அண்ணி. ரொம்பச் சின்னது.

கோகிலா கதை எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்லூரியிலேயே நோட்டை ஒளித்துத்தான் எழுதுவாள். ஒருவனோடு ஓடிப்போகப் பஸ் ஸ்டாண்டில் நின்றதும் தெரியாது. தெரிந்தால் அவள் அப்பா தறியையும் நிறுத்துவார், அவளையும் நிறுத்துவார். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும்.

ஐப்பசி 15, சனி

கடைசி அத்தியாயம் எழுதி முடித்தேன். கதையே இல்லை அதில். "இதழி என்பது பொய்ப் பெயர். நிஜப் பெயர் கோகிலா. ஊர் வெண்ணந்தூர். அப்பாவுக்கு எட்டுத் தறி. இரண்டு வருஷம் முன்பு என்னோடு ஓடிப்போக ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவள்." அவள் எனக்கு அனுப்பிய போட்டோ ஒன்று. தழும்பு தெரிகிறது.

ஆப்பில் நேரம் குறித்து வைக்கலாம், தானாகவே வெளியாகும். திங்கள் காலை 9 என்று குறித்தேன். பத்து மணிக்குத் தட்டு. வாழப்பாடி அக்காள் வண்டியில் வரும்போதே படிக்கட்டும்.

நானூறு பேர் என்னை ஆம்பளையா என்று கேட்டபோது அவள் யோசித்தாளா?

பெல்ட் வாங்கியாயிற்று. B-78. ஒன்று கூடுதலாக.

ஐப்பசி 16, ஞாயிறு

நல்ல வெயில். காலையில் ராசிபுரம்.

கேட்காமல் ஒன்றும் செய்வதில்லை அல்லவா எங்கள் வீட்டில்? அதனால் போனேன். அதே கோவில். வெள்ளை வந்தால் நாளைக்கு வெளியாகட்டும், சிவப்பு வந்தால் அழித்துவிடலாம். பழி வாங்கவும் சாமியிடம் உத்தரவு கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பூசாரி பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்தார். வெளியே வந்து பூக்கடை ஓரமாக நின்றேன். அங்கே நின்றுதான் போன தடவையும் பிரித்தேன். அதே பூக்கார அக்கா. உற்றுப் பார்த்தார்.

"நீயி அந்த ரிக்கு வண்டிப் பையனல்ல? புருவத்துல வெட்டு? தை மாசத்துல விடியால வந்து பூ கேட்டியே."

ஆமாங்க என்றேன்.

"அப்பறம் ஏஞ்சாமி அந்தப் புள்ளைய உட்டுப்போட்டுப் போன? வெள்ளை வந்துச்சே. என்ற கண்ணு முன்னாலதான பிரிச்ச. நானே கையெடுத்துக் கும்புட்டேன், நல்ல உத்தரவுன்னு."

பொட்டலத்தைப் பிரிக்காமல் சட்டைப் பையில் போட்டேன்.

"பத்து மணிக்கு அந்தப் புள்ள வந்து நின்னுச்சு, கையில பையோட. செகப்பு வந்துச்சாங்கக்கான்னு கேட்டுச்சு. எனக்கென்ன தெரியும்? வெள்ளைதான் கண்ணு வந்துச்சு, சந்தோசமாப் போன்னு சொல்லிப்போட்டேன். அப்படியே உக்காந்துக்கிச்சு. ஒரு சொட்டு அழுவல. தண்ணி வாங்கிக் குடிச்சுப்போட்டுப் போயிருச்சு."

பஸ்ஸில் திரும்பும்போது வெண்ணந்தூர் பிரிவில் இறங்கிவிடலாமா என்றிருந்தது. இறங்கவில்லை. நான் எங்கே இறங்கியிருக்கிறேன்?

இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. இதில்கூடச் சிவப்பு என்றுதான் எழுதினேன், புதன்கிழமை. திருப்பிப் பார்த்தேன். கோணாமல், அழுத்தமாக எழுதியிருக்கிறேன்.

வெள்ளைதான் வந்தது. வெள்ளை அரளி, மூன்று பூ, ஒன்று மொட்டு. கோவிலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரே தெரு. அவள் நிற்பது தெருமுனையிலிருந்து தெரிந்தது. நீலச் சுடிதார், தோளில் பை, முதல் பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு. சிவப்பு வந்திருந்தால் நல்லது என்று தோன்றிவிட்டது. அண்ணன் வெட்டுவான் என்ற பயம், அவள் அப்பா பயம், வேலை போய்விடும் என்ற பயம். பயம், வேறொன்றுமில்லை. செய்தி அனுப்பிவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தேன்.

அவளுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் கதையில் ஆரனுக்குச் சிவப்பு கொடுத்திருக்கிறாள். ஊரே திட்டினாலும் சொல்லிக்கொள்ள அவனுக்கு ஒரு காரணம் இருக்கட்டும் என்று. வெள்ளிக்கிழமை போட்ட அறிவிப்பிலும் அதே சிவப்பு.

நான் என்னடாவென்றால் பொய்க்கதையில் வெள்ளை என்று எழுதியிருக்கிறேன்.

எழுதப் பிடிக்கவில்லை. அண்ணி சாப்பிடக் கூப்பிடுகிறார். போகவில்லை.

ஐப்பசி 17, திங்கள்

வானம் தெளிவு. முகூர்த்த நாள், விடிந்ததிலிருந்து எங்கோ மேளம். அண்ணன் போன்: வெள்ளிக்கிழமை வண்டி கிளம்புகிறது.

நேற்றைய பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. பிரிக்காமலே வாழைக்கு அடியில் போட்டேன்.

7.40க்கு அந்த அத்தியாயத்தை அழித்தேன். போட்டோவையும். முதல் இரண்டும் இருக்கட்டும் என்று விட்டேன், பொய் சொன்னவன் யாரென்று தெரிய வேண்டும். தழும்பையும் எட்டு யந்திரத்தையும் மட்டும் எடுத்துவிட்டேன். அவற்றுக்குக் கீழே கடைசி அத்தியாயம், நாலு வரி:

"இதழி காட்டிக்கொடுக்கவில்லை. அவள்தான் வடக்கு வாசலில் நின்றாள். எனக்கு வந்தது வெள்ளைச் சீட்டு. நான் பயந்துகொண்டு போகவில்லை. ஆரன்."

9 மணிக்கு வெளியானது. நான் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அண்ணி ஒரு கையில் தோசைக் கரண்டி, ஒரு கையில் கைப்பேசி.

படித்தார். கல்லில் தோசையைத் திருப்பிப் போட்டார்.

"ஏனுங்க தம்பி, இந்த நாயி கடைசில என்ன சொல்லியிருக்குதுன்னு பாருங்க. வெள்ளைதான் வந்துச்சாமா. வந்தும் போகலையாமா. அந்தப் புள்ள மேல பழியப் போட்டுப்போட்டு, இப்ப நாலு வரில சொல்றான். செகப்புன்னு நெனச்சாச்சும் மனசு ஆறிக் கெடந்துச்சு. த்தூ!"

நான் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவனுக்கெல்லாம் ஊட்டுல ஒக்கார வெச்சுச் சோறு போடறாங்க பாருங்க, அவிகளச் சொல்லோணும்."

சொல்லிவிட்டுச் சூடாக ஒரு தோசையை என் தட்டில் போட்டார். "இன்னொண்ணு வெக்கட்டுங்களா?"

வைக்கச் சொன்னேன்.