சங்கங்குப்பி வேலியில் கை வைக்காதே

பசுவந்தனை
18-6-1982

அன்பு மகன் சோலைமுத்துவுக்கு அம்மா சொல்ல எழுதுவது. பிலாயில் நீயும் மருமகளும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்பு சுகம்தான், உன் கடிதத்தை வாசிக்கக் கேட்டதிலிருந்து மனசில் ஆத்திரம்தான் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை கொத்தனார் நூல்கயிற்றோடு வந்து நின்றார். நமக்கும் கொம்பையா சித்தப்பா வீட்டுக்கும் நடுவே இருக்கிற சங்கங்குப்பி வேலியைப் பிடுங்கிவிட்டுச் சுவர் எடுக்கச் சொல்லி நீ அவருக்கு எழுதினாயாம். மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். நான் உயிரோடு இருக்கும்போது என்னைக் கேட்காமல் ஆள் அனுப்ப நீ யார். வருஷா வருஷம் உடைமுள் வெட்டி வேலி அடைத்துக் காலெல்லாம் புண்ணாகித்தான் உங்க அப்பா, வேம்பாருக்கு வத்தல் கொண்டுபோனபோது கடற்கரையில் இந்தச் செடியைப் பார்த்து, கம்பு ஒடித்து ஈரச்சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். கடக்கரைச் செடி கரிசல்ல நிக்குமாவே என்று ஊரே சிரித்தது. அவரும் சித்தப்பாவும் குழிக்கு ஓடைமணல் சுமந்து போட்டு ஐப்பசி ஈரத்தில் நட்டார்கள். நம் கிணற்று உப்புத் தண்ணீரைக் குடித்தே வேர் பிடித்தது. தரை வெடித்துக் கிடக்கிற கோடையிலும் பச்சையாக நிற்கிறது, ஆடு வாய் வைப்பதில்லை. உனக்கு உடம்பெல்லாம் சிரங்கு வந்தபோது அந்த இலையை அவித்துத்தான் குளிப்பாட்டினேன். கரிசலில் சுவர் எத்தனை கோடை தாங்கும். எப்போதும்வென்றான் ஊரில் உன் மாமா எடுத்த சுவர் மூன்றாம் சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு விரிந்துவிட்டது.

வேலி ஒரு முழம் நம் பக்கம் வந்துவிட்டது, சித்தப்பா இடத்தைத் திருடுகிறார் என்கிறாய். செடியின் தூர், நட்ட இடத்தில்தான் இருக்கிறது. அவர் தன் பக்கத்தை வருஷத்துக்கு இரண்டு தடவை ஒட்ட வெட்டுகிறார். நம் பக்கம் வெட்ட ஆள் இல்லாமல் செடி இங்கே படர்ந்து கிடக்கிறது. நீங்களே வெட்டிவிடுங்கள் என்றதற்கு, வேண்டாம் மதினி, நான் அருவாள வச்சா இடத்தயும் சேத்து வெட்டிட்டாருன்னு சொல்லுவான் ஒங்க மவன், அவனே வந்து வெட்டட்டும் என்றார். உன்னை அவர் நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார். அந்த வேலியில் ஆள் நுழைகிற அகலத்துக்கு உங்க அப்பா இடம் விட்டுத்தான் நட்டார். போன மாசம் நான் காய்ச்சலில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி வந்தது அந்த வழியாகத்தான். சுவர் எடுத்தால் நீ பிலாயிலிருந்து கொண்டுவருவாயா.

இன்னொன்று கேட்கிறேன். அப்பா இருந்தவரை உன் கடிதத்தை அவர் வாசித்துச் சொன்னார். அவர் போய் ஒரு வருஷமாகிறது. எழுத்துத் தெரியாத எனக்கு இப்போது யார் வாசிக்கிறார்கள் என்று ஒரு நாளாவது நினைத்தாயா. சித்தப்பா மகள் வள்ளித்தாய்தான் அந்த வழியாக வந்து வாசிக்கிறாள். இந்தத் தடவை பாதியில் நின்றாள். ஏட்டி, ஏன் நிப்பாட்டுத என்றேன். எழுத்து தெளிவா இல்ல பெரியம்மா என்றாள். நான் விடவில்லை. தன்னைப் பெற்ற அப்பனைத் திருடன் என்று நீ எழுதியதை அவளே வாய்விட்டு வாசித்தாள். இந்தக் கடிதத்தையும் அவள்தான் எழுதுகிறாள், ஒரு வார்த்தையும் விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

செண்பகவல்லி அம்மன் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். பேரனை வெயிலில் விடாதே. ஐப்பசிக்கு முன்னால் லீவு போட்டு வந்து நம் பக்கத்தை வெட்டிக் கொடு. பதில் எழுதும்போது யோசித்து எழுது, அதை வாசிக்கப்போகிறவளும் அவள்தான்.

இப்படிக்கு,
அம்மா வேலுத்தாய்
(பெருவிரல் ரேகை)