வாங்க மறுத்த ஷில்லிங்

திரெகாரன், வேல்ஸ்
1914 டிசம்பர் 6

என் மகன் கெத்தினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூச்சோடு இருக்கிறோம், படை முகாமில் நீயும் அப்படி இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். பள்ளியைப் பாதியில் விட்டு ஓடினவள் கையெழுத்து இப்படித்தான் இருக்கும், சிரிக்காதே. அப்பா ஆடுகளை மேட்டிலிருந்து இறக்கிவிட்டார். பண்ணை வேலை தேடிச் சந்தைக்குப் போன பிள்ளை பட்டாளத்தில் சேர ஒப்புக்கொண்டு அவர்கள் தரும் ஷில்லிங் காசை வாங்கிக்கொண்டு வந்ததை அவரால் இன்னும் விழுங்க முடியவில்லை.

நீ மேசைமேல் விட்டுப்போன அந்தக் காசை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போனேன். பண்ணைக்காரன் தந்த அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தால் பேச்சு முறிந்துவிடும், இது நம் ஊர் வேலைக்காரப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். இதுவும் அப்படித்தானே என்று நினைத்துவிட்டேன். ஆள் சேர்க்கும் சார்ஜெண்ட் எங்கே மேசை போட்டிருந்தான் தெரியுமா, ஹென்றி ரிச்சர்ட் சிலைக்குக் கீழே. போரே கூடாது, நாடுகள் நடுவர் முன் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று சாகும்வரை சொன்ன மனிதரின் காலடியில். காசை நீட்டி, என் பையனைத் திருப்பிக் குடு என்றேன். அவனுக்கு நம் வெல்ஷ் பாஷை தெரியாது, செருப்பு தைக்கும் ப்ரோதெரோதான் எடுத்துச் சொன்னார். கூட்டமே சிரித்தது. "அட கேட்ரின், இது ஆட்டுப்பண்ணை அச்சாரமில்ல, ராஜா காசு. நூறா திருப்பிக் குடுத்தாலும் உம்புள்ள வரமாட்டான்" என்றார் ப்ரோதெரோ.

இன்று காலை ஆராதனையில் போதகர், "ரிச்சர்ட் ஐயா இப்ப இருந்தா அவரே பசங்கள அனுப்பிவெப்பாரு" என்றார். எழுந்து நின்று பொய் என்றேன். ஒருவர்கூடத் திரும்பவில்லை. ரிச்சர்ட் ஐயா பேரைச் சொல்லி முன்பெல்லாம் அதே பெஞ்சுகளில் கண்ணைத் துடைத்தவர்கள்தான். "கம்முனு வாடி, பையன் பட்டாளத்துக்காரங்க கையில இருக்கான்" என்று அப்பா இழுத்துவந்துவிட்டார்.

யாரையும் சுடாதே என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அப்படித்தானே உன்னை வளர்த்தேன், எவனையாவது அடித்துவிட்டு வந்தால் அன்றைக்கு உனக்குச் சாப்பாடு கிடையாது. ஆனால் நீ சுடாவிட்டால் எதிரே நிற்கிற பையன் சுடுவான். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள், அவளும் இதையேதான் எழுதிக்கொண்டிருப்பாள். அதனால் சொல்கிறேன், நீ முந்திக்கொள். இதை எழுதின பிறகு அந்தச் சிலைக்கு முன்னால் நடக்க என்னால் முடியாது, இனிப் பாலத்துப் பக்கமாகச் சுற்றித்தான் கடைக்குப் போவேன்.

ஈரக் காலுறையோடு படுக்காதே. கடவுள் உன்னைக் காக்கட்டும். அந்த இன்னொருத்தி பிள்ளையையும் காக்கட்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை.

உன் அம்மா,
கேட்ரின்