கண்ணாடியில் இருந்த வெள்ளை

நாள் 58. காலை 07:10
செவ்வாய்க் கிரகம், இரண்டாவது ஆய்வுத்தளம். எழுதுவது பராமரிப்புப் பொறியாளர் திருமேனி. இங்கே நான் ஒருவன்தான். பதினோரு வருடம் பூட்டிக் கிடந்த பசுமைக்குடிலைச் சீர்செய்துவிட்டேன். கீரை, தக்காளி, கறிவேப்பிலை எல்லாம் தழைத்திருக்கின்றன. நாற்பது நாளில் கப்பலில் நான்கு பேர் வருகிறார்கள். கப்பலின் காற்று இங்கே இறங்கும் வரைதான் வரும். பிறகு ஐந்து பேருக்கும் மூச்சு இந்த இலைகள்தான்.

நாற்பது கண்ணாடியிலும் வெள்ளையாக அழுக்கு. முன்பிருந்தவர்கள் துணியைத் தொட்டதே இல்லை போல.

நாள் 60. மாலை 16:30
ஊரில் இன்று போகி. எனக்கும் கை சும்மா இருக்கவில்லை. மூன்று நாள் சுரண்டியதில் தோள் கழன்றுவிட்டது, ஆனால் கண்ணாடி பளபளக்கிறது. கழுவிய தண்ணீரைக் கழிவில் விட்டேன். கப்பலுக்குப் படம் அனுப்பினேன். தலைவி ரெஜினாவுக்கு ஒரே சந்தோஷம்.

“இறங்கின அன்னைக்கே ரசம் வைக்கணும் திருமேனி. கறிவேப்பிலை ஒரு கொத்து எனக்குன்னு எடுத்து வைங்க.”

நாள் 64. காலை 11:05
இலை ஓரங்கள் வெளுத்திருக்கின்றன. தண்ணீர் சரி, உரம் சரி, வெப்பம் சரி. பூமிக்குக் கேட்டு எழுதினேன்.

நாள் 66. பகல் 13:40
பூமியிலிருந்து பதில். அது அழுக்கல்ல. இந்த வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்க முதல் குழு கலந்து பூசிய பூச்சு. கையேட்டில் எழுத விட்டுப்போனதாம்.

பொங்கல் வந்தால் எங்கள் வீட்டில் வெள்ளையடிப்பார்கள். நான் போகியும் அதுவுமாக, அடித்திருந்த வெள்ளையைச் சுரண்டிக் கொட்டியிருக்கிறேன். என்ன மனிதன் நான்.

நாள் 67. மாலை 17:20
கழிவுத் தொட்டியைத் துழாவியதில் ஒரு வாளி பூச்சு தேறியது. ஆறு கண்ணாடிக்குப் பூசினேன். மீதியைப் போர்வை, சாக்கு, என் வேட்டி எல்லாம் கொண்டு மூடினேன். மூடினால் வெளிச்சமின்றி வாடுகிறது, திறந்தால் கருகுகிறது. விளக்குகளுக்கு மின்சாரம் போதாது.

நாள் 70. காலை 09:15
ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கப்பலைத் திருப்ப முடியாது என்றார்.

“எத்தனை பேருக்குத் தாங்கும்? மழுப்பாம சொல்லுங்க.”

கணக்குப் போட்டேன். என்னையும் சேர்த்து மூன்று பேருக்கு. அனுப்பினேன்.

நாள் 72. பகல் 12:00
பதில் இல்லை. பூச்சு உரிய ஆரம்பித்திருக்கிறது.

நாள் 73. மாலை 15:45
பதில் வந்தது. குரல் ரெஜினாவுடையது அல்ல. கப்பலின் மருத்துவர் மதிவதனி, அவர்களில் இளையவள்.

“அண்ணா, இங்க இப்ப நானும் பைலட்டும்தான் இருக்கோம். ரெஜினா அக்கா தன் கொத்தை எனக்குக் கொடுக்கச் சொன்னாங்க.”



நாள் 74. காலை 06:50
ஆறு கண்ணாடியிலும் பூச்சு போய்விட்டது. இலைகளை மூன்று முறை அளந்தேன். இனி ஒருவருக்குத்தான் தாங்கும். நான் விலகிக்கொண்டாலும் அங்கே இருப்பது இரண்டு பேர்.

காலை 07:30
இன்னும் சொல்லவில்லை. கறிவேப்பிலையில் ஒரு கொத்து பச்சையாக இருக்கிறது. அதன் மேல் என் சட்டையைப் போட்டிருக்கிறேன்.

காலை 08:05
மறுபடி மதிவதனி.

“அண்ணா, கணக்கு அப்படியேதானே இருக்கு?”