கவரில் போட்ட புளியமுத்து

காளவாசல், மதுரை
பங்குனி மாதம், மின்விசிறி சுற்றியும் பயனில்லாத ஒரு மதியம்

அன்புள்ள செல்விக்கு,

அழகுபாண்டி எழுதுவது. நான் நலம். வெறும் வாயால் சொன்னால் நம்ப மாட்டாய் என்பதால் ஆதாரமும் தருகிறேன்: போன தீபாவளிக்கு நீ எடுத்துத் தந்த சட்டையில் நடுப்பொத்தான் பூட்ட மறுக்கிறது. ஜவ்வாது மலையில் நீயும் உன் பெண்கள் குழுக்களும் நலமாயிருக்கத் திருப்பரங்குன்றத்து முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவனும் மலையில் குடியிருப்பவன், விவரம் புரியும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ பாறை மேல் ஏறி நின்று சிக்னல் பிடித்துப் பேசுகிற அவசரத்தில், நாம் கேஸ் சிலிண்டரையும் கரண்டு பில்லையும் தாண்டிப் பேசியதே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் அபூர்வமாக ஒன்று கேட்டாய். "இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க" என்பது வரை காதில் விழுந்தது. அதற்குள் சிக்னல் போய்விட்டது. நான் "ஹலோ, ஹலோ, கேக்கலை" என்று கத்தியதில் எதிர்வீட்டு அப்துல் லத்தீப் அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து, "என்ன பாண்டி, யாருக்கு என்ன?" என்று பதறினார். ஆகவே பதிலை எழுத்தில் தருகிறேன். நம் தொண்டு நிறுவன வழக்கப்படி முதலில் பின்னணி, பிறகு சவால்கள், பரிந்துரை கடைசியில்தான் வரும். பொறுத்துக்கொள்.

போன மாதம் திருச்சியில் மாநிலத்துத் தொண்டு நிறுவனங்கள் எல்லாம் கூடினோம். கன்னியாகுமரிக்காரருக்கும் திருவள்ளூர்க்காரருக்கும் ஒரே அளவு சிரமமான ஊர் என்பதால் எந்தக் கூட்டமானாலும் அங்கேதான். முன்பெல்லாம் ஒருவரை ஒருவர் "எப்படி நடத்துறீங்க?" என்று கேட்போம். இப்போது "இன்னும் நடத்துறீங்களா?" என்று கேட்கிறோம். சாப்பாட்டு நேரத்தில் வெளிநாட்டுப் பணம் நின்றவர்கள் ஒரு மேசையிலும், கம்பெனிப் பணத்துக்குக் காத்திருப்பவர்கள் ஒரு மேசையிலும் தானாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். நான் பேதம் பார்க்காமல் இரண்டு மேசையிலும் சாப்பிட்டேன்.

தருமபுரியிலிருந்து வந்த ஒரு அம்மா என் கழுத்து அட்டையைப் படித்துவிட்டு, "தாமரைச்செல்வி மேடம் வீட்டுக்காரரா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். உன் பயிற்சிக்குப் பிறகு அவர்கள் ஊர்ப் பெண்கள் கிராம சபையில் மைக்கைப் பிடுங்கிக் கேள்வி கேட்கிறார்களாம். நாகப்பட்டினத்துக்காரரும் அதையே சொன்னார். திருவண்ணாமலைக்காரர்கள் படம் காட்டினார்கள். மலைப் பெண்களுக்கு நடுவில் நீ சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாய், கொஞ்சம் இளைத்திருந்தாய். மாநிலமே உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது செல்வி, என் ஒருவனுக்குத்தான் படம். அந்தப் பெருமையில் பாதுஷா இரண்டு கூடச் சாப்பிட்டேன்.

வழக்கம்போல ஆளுக்கொரு சணல் பை கொடுத்தார்கள். வீட்டில் பை வைக்க இடமில்லை. 'பெண்ணுரிமை காப்போம்' பையில் நேற்று ஆட்டுக்கறி வாங்கி வந்தேன். கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "சமைக்கிறது யாருண்ணே?" என்றார். நான்தான் என்றேன். எலும்பை அதிகமாகப் போட்டு அனுப்பினார்.

இனி சவால்கள். நம் செயலாளர் ஜெயபாண்டிக்கு, ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வருவதாகத் தகவல் வந்தது. மனிதர் மூன்று நாள் முன்பே மீசைக்கு மை அடித்துவிட்டார். ஜீப்பைக் கழுவி, ஒத்தக்கடை தாண்டி, திருவாதவூருக்குக் கூட்டிப் போனோம். உனக்குப் பிறகு, ஜீப் ஓட்டுவதோடு மொழிபெயர்ப்பாளர் வேலையும் என் தலையில்தான். உன் திருவாதவூர்க் குழுவின் சோலையம்மாள் பேசினால் நீ எவ்வளவு நாசூக்காக ஆங்கிலத்தில் சொல்வாய்! "போன தடவ வந்தவுகளும் இப்புடித்தான் தலையாட்டிட்டுப் போனாக" என்று அவள் சொன்னதை, 'உங்கள் வருகை எங்களுக்கு முன்பு வந்தவர்களை நினைவூட்டுகிறது' என்று நீ மாற்றியதற்கு அன்று வந்திருந்த வெள்ளைக்காரர் கண்கலங்கினாரே. எனக்கு அந்தக் கைப்பக்குவம் ஏது?

நீ பழக்கிவிட்டபடியே எல்லாம் நடந்தது. புங்கை மரத்தடியில் பெண்கள் கோலப்பொடியில் ஊரை வரைந்தார்கள். கண்மாய், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், சுடுகாட்டுப் பாதை, பஸ் நிற்கிற இடம் எல்லாம் வந்தன. பிறகு ஆளுக்கு ஒரு கை புளியமுத்து. எது ரொம்பத் தேவையோ அங்கே நிறைய வைக்க வேண்டும். கண்மாய்க்குக் கொஞ்சம், பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குக் கொஞ்சம் விழுந்தது. சோலையம்மாள் மட்டும் எல்லோரும் வைத்து முடிக்கும்வரை காத்திருந்து, படத்தில் எதுவுமில்லாத ஓரிடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள். கையிலிருந்த அத்தனை முத்தையும் அதற்குள் கொட்டினாள். அதைப் பார்த்த மற்றவர்களும் கண்மாயில் வைத்ததை எடுத்து அங்கே மாற்றினார்கள். கண்மாய் வற்றிப்போனது.

அது என்ன இடம் என்று விருந்தினர்கள் கேட்டார்கள். சோலையம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "செல்வி டீச்சர் உக்கார்ற எடம்ணே. அதத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க. அம்புட்டு தூரத்துல போயி யாருக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்குது? நாங்க இன்னும் படிச்சு முடிக்கலையே."

இதற்கு ஆங்கிலம் எனக்குத் தெரியும் செல்வி. கஷ்டமான வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. வாயைத் திறந்தேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். ஜெயபாண்டி மீசையைத் தடவுகிறார். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது, "கம்யூனிட்டி ஹால்."

அவர்களுக்குப் பரம சந்தோஷம். கட்டடம் என்றால் பெயர்ப்பலகை வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம். போகும்போதே சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஜெயபாண்டி என்னை ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப்போய்க் கட்டிப்பிடித்து, "மாப்ள, இம்புட்டு நாளா ஒன்னையப் போயி டிரைவராவே வச்சிருந்தேனே" என்றார். மை என் கன்னத்தில் ஒட்டியது.

போன வாரம் என்ஜினியர் டேப்போடு வந்து, நீ உட்காருகிற அந்தப் புங்கை மரத்தடியை அளந்திருக்கிறார். புங்கையை வெட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். நான் போய் இறங்கியபோது சோலையம்மாள் மரத்தடியில் நடுவாக உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. "நாங்க கேட்டது ஆளுண்ணே. நீங்க கொண்டாந்தது செங்கலு" என்றாள். எனக்கு இங்கிலீசு அவ்வளவு வராது என்று சமாளித்தேன். அவள் விடவில்லை. "இங்கிலீசு வரலையா, இல்ல அழுக வந்துருச்சா?" என்று கேட்டாள். மற்ற பெண்கள் எல்லோரும் அந்த நேரம் பார்த்துக் கண்மாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஜெயபாண்டியிடம் நடந்ததை முழுதாகச் சொல்லிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டார், பிறகு நெடுநேரம் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. கம்பெனிக்கு உண்மையை எழுதியாகிவிட்டது. ஹாலை ரேஷன் கடைக்குப் பக்கத்தில் கட்டுவதா, இல்லை அந்தப் பணத்தில் கழிப்பறை கட்டுவதா என்று ஊரே மறுபடி முத்து வைக்கப் போகிறது. புங்கை மரம் தப்பியது.

இப்போது பரிந்துரைக்கு வருகிறேன்.

அந்த மலைப் பெண்களுக்கும் நீ தேவை. படத்தில் அவர்கள் உன்னைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும், நானும் அப்படிப் பார்த்தவன்தான். போகாதே என்று ஒரு நாளும் உன்னிடம் நான் சொன்னதில்லை, அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு. அதனால் நீயே ஒரு படம் வரைந்து பார். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் மதுரை. அன்று சோலையம்மாளின் வட்டத்துக்குள் விழுந்த முத்துகளை ஒன்று விடாமல் பொறுக்கி இந்தக் கவரில் போட்டிருக்கிறேன். அள்ளி வைத்துப் பார். முத்து வைக்கிறவர் பக்கத்தில் நின்று யாரும் கண்ஜாடை காட்டக்கூடாது என்பது நீ சொல்லிக்கொடுத்த விதி. அதனால்தான் நான் இருநூறு மைல் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன்.

என் பங்கு முத்து மட்டும் அதில் இல்லை. அதை அன்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. பொத்தான் பூட்டாத அந்தச் சட்டையின் பையில் கிடக்கிறது. துவைக்கும்போதெல்லாம் எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, காய்ந்ததும் திரும்பப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

மலையில் விடியற்காலைக் குளிர் விடாது என்கிறார்கள். காதைக் கட்டிக்கொள். பாறையில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு. எந்தப் பக்கம் முத்து கூடினாலும், நீ வைத்தது நல்லதாகவே முளைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் டிரைவர், உன் அரைகுறை மொழிபெயர்ப்பாளர்,
அழகுபாண்டி

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை இங்கே சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. "நீங்க என்ன சொல்றீங்க?" என்று நீ இரண்டு தடவை கேட்டதும் தெளிவாகவே கேட்டது.