தண்ணீர் படக் கூடாத கை

பிப்ரவரி 3, திங்கள்

புது ஷூவைப் போட்டுக்கொண்டே சமைத்தேன். பயணத்துக்கு முன்பே காலுக்குப் பழக்கிவிட வேண்டுமாம். மகள் பார்த்துவிட்டு, "அம்மா, காய் நறுக்கப் போறியா, மலையேறப் போறியா?" என்றாள்.

அடாப்டர் வாங்கியாயிற்று. நம் சார்ஜர் அந்த ஊர்ச் சுவரில் நுழையாது. மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வைக்க வேண்டும். காது தெரியும்படி எடுத்த புகைப்படமும் வந்துவிட்டது. அதில் நான் பிடிபட்ட திருடி மாதிரி இருக்கிறேன். இத்தனையும் எட்டு நாள் ஊர் சுற்ற. சுற்றிப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அவ்வப்போது தோன்றுகிறது. தந்தியிடம் இதைச் சொல்லவில்லை.

தந்தி பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழி. பேச்சு அவ்வளவு சுருக்கம் என்பதால் அப்போது வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. இருவரும் சேர்ந்து வெளிநாடு போக வேண்டும் என்று அந்த அறையில் பேசியதுதான். பிறகு என் பிரசவம், அவள் அப்பா படுக்கையில் விழுந்தது, என் மகளின் பரீட்சை. இப்போது அவளுக்கு விசா வந்தேவிட்டது. விமானம் மார்ச் எட்டு. நான் வியாழக்கிழமை கைரேகை கொடுக்க வேண்டும்.

"இந்தத் தடவை நீ வரலைன்னாலும் நான் போறேன்" என்று சொல்லிவிட்டாள். மிரட்டல் இல்லை. சொன்னால் செய்வாள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 6, வியாழன்

விசா மையம். இடது கையின் நான்கு விரலும் ஒரே முயற்சியில் பதிந்து பச்சை விளக்கு எரிந்தது. வலது கையை வைத்தேன். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. அங்கிருந்த பெண் எழுந்து வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்தினாள். வரிசையில் எனக்குப் பின்னால் ஒருவர் எனக்குக் கேட்கும்படியே பெருமூச்சு விட்டார்.

"கட்டட வேலையா மேடம்?"

"இல்ல. தண்ணிப் பரிசோதனைக் கூடத்துல கெமிஸ்ட்."

"ரேகை தேஞ்சிருக்கு. அடுத்த வியாழன் வாங்க. குளிக்கிறது, கை அலம்புறது சரி. பாத்திரம், துணி, சோப்புத் தண்ணி எதுவும் வேண்டாம். படுக்கிறதுக்கு முன்னால கிரீம் தடவுங்க. அப்பவும் விழலைன்னா மேல எழுதணும். எப்ப பதில் வரும்னு சொல்ல முடியாது மேடம்."

"கையுறை போட்டுக்கிட்டுக் கழுவினா?"

"உள்ள வேர்த்து ஊறிடும். ஒரு வாரந்தானே, சும்மா இருங்களேன்."

அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகியிருக்காது.

வீட்டில் சொன்னேன். மகள், "அப்ப நீ கொலையே பண்ணினாலும் மாட்டமாட்டே" என்றாள். இவர் சிரித்தார். பாத்திரத்தை யார் கழுவுவது என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

கேள்வி எழுந்தது.

பிப்ரவரி 8, சனி

துணி மகளுக்கு, பாத்திரம் இவருக்கு என்று ஆயிற்று. இவர் ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஆனால் எண்ணெய்ச் சட்டியை முதலில் தேய்த்துவிட்டு, அதே நாரால் கண்ணாடி டம்ளரைத் தேய்க்கிறார். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். சொன்னால் "அப்ப நீயே செய்" என்று வரும். இப்போது அதற்கு வழியில்லைதான், ஆனாலும் வரும்.

டம்ளரில் தண்ணீர் குடித்தேன். மேலே எண்ணெய் மிதந்தது. என் பரிசோதனைக் கூடத்துக்கு இப்படி ஒரு சாம்பிள் வந்தால் குடிக்கத் தகுதியற்றது என்று எழுதி அனுப்பியிருப்பேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நாத்தனார் வந்தார். தம்பி பாத்திரத்தோடு நிற்பதையும் அவர் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஓகோ. உன் வெரல் தேயக் கூடாது. என் தம்பி வெரல் தேஞ்சா பரவாயில்லையா?"

"அவருக்கு இப்போதைக்கு விசா வேண்டாமே அண்ணி."

"ரெண்டு பொம்பளைங்க அவ்ளோ தூரம் போய் எதப் பாக்கப் போறீங்க?"

எனக்கும் சரியாகத் தெரியாது. அவர் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தம்பியை நகர்த்திவிட்டு அத்தனையையும் தேய்த்து வைத்தார். போகும்போது என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கையையும் பார்த்துக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அலுவலகத்தில் உதவியாளர் மாதிரிகளைப் பார்த்துக்கொள்கிறாள். நான் அறிக்கை எழுதுகிறேன். மதியம் சும்மா இருந்தபோது லென்ஸை எடுத்து இரண்டு கைகளையும் பார்த்தேன். இடது கையில் ரேகைகள் தெளிவாக இருக்கின்றன. வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் காகிதம் மாதிரி வழவழவென்று இருக்கின்றன.

இத்தனை நாள் என் தொழிலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இங்கே இரண்டு கைக்கும் கையுறை உண்டு. அமிலம்தான் காரணம் என்றால் இரண்டு கையுமல்லவா தேய்ந்திருக்க வேண்டும்? சட்டியை இடது கை பிடிக்கிறது. அழுத்தித் தேய்ப்பது வலது கை. சந்தேகத்துக்கு இடமே இல்லை. இதற்குப் போய் லென்ஸ் எதற்கு?

தந்தியிடம் போனில் சொன்னேன். "தெரிஞ்சதுதானே" என்றாள்.

மாலை இவர் பால் பாத்திரத்தை அடிப்பிடிக்க விட்டுவிட்டார். கறுத்துப்போன பாத்திரத்தை என் முன்னால் வைத்து, "ஒரு டூருக்காக வீட்டையே தலைகீழாக்கணுமா? பேசாம அடுத்த வருஷம் போயேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னார்.

அடுத்த வருஷமாம். எந்த அடுத்த வருஷம்? எத்தனை அடுத்த வருஷம் பாத்தாச்சு. நாலு நாள்ல இவருக்குக் களைச்சுப் போச்சு – எனக்கு எப்பவாவது களைச்சுதான்னு கேட்டிருக்காரா? நான் சொன்னதும் இல்லையே. சொல்லியிருக்கணுமோ? சொல்லாம எப்படித் தெரியும்ங்கறார் இவர். பாத்தாத் தெரியாதா?

இது எதையும் வாயைத் திறந்து சொல்லவில்லை. "அது ஊறட்டும். நாளைக்கு வந்துடும்" என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் காபி குடித்த கையோடு டம்ளரைச் சோப்புப் போட்டுக் கழுவி, கவிழ்த்தும் வைத்துவிட்டேன். பின்னாலேயே நேற்றைய பால் பாத்திரத்தையும் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். பாதிக் கறை போன பிறகுதான் உறைத்தது. யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. கை தானாகப் போயிருக்கிறது.

கட்டிலில் உட்கார்ந்து துண்டால் ஒற்றி ஒற்றித் துடைத்தேன். விரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. வந்த அழுகை எனக்கே வேடிக்கையாக இருந்தது. பயணம் போனால் போகிறது என்று நேற்றுவரை நினைத்துக்கொண்டிருந்தவள்தானே நான். இவர் பல்துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். திரும்பிப் போனார். சமையலறையில் மிச்சப் பாத்திரத்தைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

பிப்ரவரி 13, வியாழன்

இவரே வண்டியில் கொண்டுபோய் விட்டார். என்னைப் பையைக்கூடத் தூக்கவிடவில்லை. அதே பெண்தான். முதல் முறை சிவப்பு. இரண்டாவது முறையும் சிவப்பு. அவள் என் விரலில் மூச்சை ஊதி, "தளர்வா வைங்க மேடம், பயப்படாதீங்க" என்றாள். பயமில்லை என்றேன். மூன்றாவதில் பச்சை.

"அங்க போய் எறங்கினதும் மறுபடி எடுப்பாங்க. ரெண்டும் ஒத்துப்போகணும். அதுவரைக்கும் பாத்துக்கோங்க" என்றாள்.

வண்டியில் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். உண்மையைச் சொல்வதற்கு எதற்கு யோசனை? சொன்னேன். சிக்னல் மாறியதும் இவர் வண்டியை எடுத்தார். பிறகு, "மார்ச் எட்டு வரைக்குமா?" என்றார்.

"எட்டு வரைக்கும்."

பிப்ரவரி 24, திங்கள்

விசா வந்தது. தந்திக்குத் தெரிவித்தேன். "சரி" என்று பதில். அவளைப் பொறுத்தவரை அது ஆனந்தக் கூத்து.

மார்ச் 5, புதன்

பெட்டியை எடைபார்த்து, ஒரு ஸ்வெட்டரை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்தேன். பாஸ்போர்ட் நகல் ஒன்று பெட்டியில், ஒன்று மகளிடம். கால் வலிக்கிறது, தூக்கம் போதவில்லை. இவர் இப்போது கண்ணாடிச் சாமான்களை முதலில் கழுவுகிறார். நான் சொல்லவில்லை. எப்போது கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வந்து சேர்ந்தோம். இமிக்ரேஷனில் நீண்ட வரிசை. கையைத் துடைத்து, தளர்வாக வைத்துக்கொண்டு என் முறைக்குக் காத்திருந்தேன். அதிகாரி என் முகத்தைப் பார்த்தார், கேமராவைப் பார்க்கச் சொன்னார், முத்திரையைக் குத்தினார். விரலைக் கேட்கவே இல்லை. நானாகக் கையை நீட்டினேன். வேண்டாம் என்று சைகை செய்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அறைக்கு வந்து வீட்டுக்குப் பேசினேன். இவர்தான் எடுத்தார்.

"வெரல் ஒழுங்கா விழுந்துச்சா?"

"விழுந்துச்சு" என்றேன். தந்தி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பாடா" என்றார் இவர்.

"அடுத்த தடவை வரும்போதும் இதே வெரலத்தான் கேப்பாங்களாம்."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப நல்ல நாரா ஒண்ணு வாங்கிக்கிறேன். இது கைய அறுக்குது" என்றார்.