அது மிராசு வீட்டுப் பேனா இல்லை, அக்கா

என் பிரியமான வசந்தாக்கா,

ஒரு வாரமாக எனக்குக் கோபம் அடங்கவில்லை. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி மருந்தகத்தில் சீட்டை நீட்டுகிறவர்களிடம் எரிந்து விழுகிறேன். வீட்டில் குக்கர் மூடியைக்கூட அடித்துத்தான் மூடுகிறேன். இந்தக் கோபத்தில் பாதி உன் மேல் என்பதால் உன்னிடமே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். படிக்க வேண்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

தஞ்சாவூரில் பேனாக் கண்காட்சி வைத்தார்கள் அக்கா. நம்புவாயா? இதுவரை இதற்காக நான் சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயிலேறிப் போவேன், நீ சிரிப்பாய். "எழுதாத பேனாவுக்கு எதுக்குடி வெல்வெட் பெட்டி?" என்பாய். இந்த முறை வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போகிற தூரம். புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற சிம்மாசன நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு வரிசையாக மேஜை போட்டிருந்தார்கள். எல்லார் விரலிலும் மை. நிப்பின் முனையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபடி மணிக்கணக்கில் பேசுகிற ஆட்கள். என் ஜாதி ஜனம் என்று சந்தோஷமாகத்தான் உள்ளே போனேன்.

முதல் மேஜையிலேயே ஒருவர் கேட்டார்.

"சாருக்கு வாங்குறீங்களா மேடம்?"

"எந்த சாருக்கு?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. என் கையிலிருந்த பெட்டியைத் திறந்து என் பேனாக்களைக் காட்டியதும் "சாரோட கலெக்‌ஷனா?" என்றார். போகட்டும் என்று நகர்ந்துவிட்டேன். அந்தக் கோபமெல்லாம் எனக்குப் பழக்கம்.

மேடைக்குக் கீழே மூன்றாவது மேஜையோ நான்காவதோ. பழைய ரேடியோ, கேமரா, பேனா என்று ஊர் ஊராக வாங்கி விற்கிற ஒரு வியாபாரி. சிவப்பு வெல்வெட்டில் ஒரே ஒரு பேனாவைத் தனியாகப் படுக்க வைத்திருந்தார். பக்கத்தில் ஓர் அட்டை. "குடவாசல் மிராசுதார் வீட்டுப் பேனா. நூறு ஆண்டுப் பழமை."

பச்சையும் கறுப்பும் சுழிசுழியாகக் கலந்த எபோனைட் பேனா. ரப்பரை இறுக்கிச் செய்கிற அந்தக் கம்பியைத் திருச்சியில் ஒரு பேனாக் கடைசல்காரரிடம் நானே பொறுக்கி எடுத்தேன், நினைவிருக்கிறதா? உனக்குச் சர்வேயர் வேலைக்கு ஆர்டர் வந்த மாதம் அது. கட்டையாக இருக்கட்டும், வயலில் ஈரக்கையோடு பிடித்தாலும் நழுவக் கூடாது என்று சொல்லிச் செய்யச் சொன்னேன். அதன் வால் பக்கம் பார்த்தேன். மூன்று லேசான பள்ளங்கள், பக்கத்தில் ஆழமாக ஒன்று. உன் தெற்றுப்பல். கணக்குப் போடும்போது பேனாவைக் கடிக்காதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

கையை நீட்டுவதற்குள் வேறொருவர் அதை எடுத்துவிட்டார். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவராம், பாபநாசம் பக்கம் ஊராம், நெல் நிலமெல்லாம் குத்தகைக்கு விட்டிருக்கிறாராம். மரியாதையான மனிதர்தான். பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாருக்கு. பின்னாடி மட்டும் ஏதோ கடிச்ச மாதிரி இருக்கே?"

"எலி கடிச்சிருக்கும் சார். அஞ்சு நிமிஷம் குடுங்க, பக்கத்து டேபிள்ல பஃபிங் மிஷின் இருக்கு. வழவழன்னு ஆக்கிடலாம்."

எலியாம் அக்கா.

பக்கத்து மேஜையில் அந்தச் சக்கரம் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. வேறு யாருடைய பேனாவோ அதில் தேய்ந்து, ரப்பர் கருகுகிற வாடை வந்துகொண்டிருந்தது. நான் யோசிக்கவில்லை. சிங்கப்பூர்க்காரர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிவிட்டேன்.

"எலி இல்லைங்க. எங்க அக்கா."

வியாபாரி வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். "குடுங்க மேடம். சார் பாத்துக்கிட்டு இருக்காரு."

"இது எங்க அக்கா பேனா. திருச்சியில நான் சொல்லிச் செஞ்சு குடுத்தது. நூறு வருஷமெல்லாம் ஆகல."

"ஒரே மாதிரி பேனா ஊர்ல எத்தனையோ இருக்கும் மேடம்."

"ஒரே மாதிரி பல்லு இருக்குமா?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வியாபாரியிடமே பேனாவைக் கொடுத்து எழுதிப் பார்க்கச் சொன்னேன். தாளைக் கீறியது, மை விட்டுவிட்டு வந்தது. "நிப்பு கொஞ்சம் அலைன்மென்ட் போயிருக்கு" என்றார். வாங்கி இடது கையில் பிடித்தேன். உன்னைப்போல மணிக்கட்டை மடக்கி, மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்துக் கோணலாக ஒரு கோடு இழுத்தேன். வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி வழிந்து வந்தது. இத்தனை வருடம் இடது கைக்கே தேய்ந்த நிப்பு வேறு எப்படி எழுதும்?

அவர் அசரவில்லை. "மிராசுதாரும் இடதுகைக்காரரா இருந்திருக்கலாம்ல?"

அதற்குள் சிங்கப்பூர்க்காரர் குறுக்கிட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்கிற ஆவலில்தான் கேட்டார்.

"உங்க அக்கா என்ன பண்ணாங்க?"

"சர்வேயர். குடவாசல் தாலுகா ஆபீஸ்."

"அப்படியா? குடவாசல்ல நீங்க எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி எப்படி வரும், எந்தக் குரலில் வரும், எத்தனை இனிப்பாக வரும் என்று உனக்குத் தெரியும். நான் நேராகச் சொன்னேன்.

"காலனித் தெரு."

அவர், பாவம், செல்போனைப் பார்த்தார். வியாபாரிதான் பேனாவைப் பார்த்தார், என் புடவையைப் பார்த்தார், மறுபடி பேனாவைப் பார்த்தார்.

"அங்கேருந்து இந்த மாதிரி பேனா எப்படி மேடம்?"

அக்கா, அவர் வையவில்லை. மட்டமாகக்கூடப் பேசவில்லை. நிஜமாகவே அவருக்கு அது விளங்கவில்லை. மிராசுதார் இடதுகைக்காரராக இருந்திருக்க முடிகிறது. நேற்றுச் செய்த பேனா நூறு வருடத்துப் பேனாவாக முடிகிறது. எலி வந்து வரிசைப் பல் வைத்துக் கடித்திருக்க முடிகிறது. நம் தெருவில் ஒரு பெண் நல்ல பேனா வைத்து எழுதியிருப்பாள் என்பது மட்டும் அவர்கள் யாருக்கும் தோன்றவே இல்லையே, ஏன்?

நான் கத்தினேன். அந்த மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். நம் அம்மாவும் அப்பாவும் நட்டு, அறுத்து, கூலி வாங்கின அதே வயலை அளப்பதற்கு நீ போன கதையைச் சொன்னேன். வயலுக்குச் சொந்தக்கார மிராசு வீட்டுப் பெரியவர் வாசலில் நின்றபடி, "ஆம்பள சர்வேயர் யாரும் இல்லையா?" என்று கேட்டார். "எல்லைக்கல்லு எங்கன்னு காட்டுங்க" என்றாய் நீ. கல்லைக் காணோம் என்றார்கள். வாய்க்காலைத் தூர்த்து வயலோடு சேர்த்திருந்தார்கள், கல் எப்படி இருக்கும்? உச்சி வெயிலில் சங்கிலி பிடித்து அளந்து, வரப்பில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து, இந்தப் பேனாவைக் கடித்துக் கடித்துக் கணக்குப் போட்டு, வாய்க்கால் புறம்போக்கு இவ்வளவு என்று அறிக்கை எழுதினாய். வாய்க்கால் திரும்பவும் வெட்டப்பட்டது. கடைமடைக்குத் தண்ணீர் போனது. அந்தப் பேனாவுக்குத்தான் மிராசுதார் வீட்டுப் பேனா என்று அட்டை!

எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். சிங்கப்பூர்க்காரர், "சாரி மேடம், நீங்களே வச்சுக்கங்க" என்று ஒதுங்கினார். ஒதுங்கும்போது வியாபாரியிடம் தணிந்த குரலில், "கதை இல்லாட்டி இது சாதாப் பேனாதானே" என்றார். எனக்குக் கேட்டுவிட்டது.

"கதை இருக்குங்க. இப்ப சொன்னேனே, அது என்ன?"

அவர் திரும்பவில்லை. வியாபாரிக்கு இப்போது என் மேல் எரிச்சல். வந்த கிராக்கியைக் கெடுத்துவிட்டேன் அல்லவா?

"நான் என்னம்மா பண்றது? காலனி சர்வேயர் பேனான்னு எழுதி வச்சா எவன் வாங்குவான்?"

"நான் வாங்குறேன். எழுதுங்க."

"என்னது?"

"அந்த அட்டையக் கிழிங்க. வேற அட்டை எழுதுங்க. நான் சொல்றத எழுதுங்க. எழுதினாத்தான் காசு."

மனிதர் சுற்றிப் பார்த்தார். யாரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதினார். "குடவாசல் காலனித் தெரு வசந்தா, நில அளவர், எழுதிய பேனா." நில அளவரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார், திருத்தச் சொன்னேன். அதை வெல்வெட் மேல் வைக்கச் செய்து, வருகிறவர் போகிறவர் எல்லாம் படிக்கும் வரை மேஜை முன்னாலேயே நின்றேன். பிறகுதான் பணம் கொடுத்தேன். பேரம் பேசவில்லை. உன் பேனாவுக்கு நான் பேரம் பேசுவேனா?

யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, "குடவாசல்ல ஒருத்தரு. பொண்டாட்டி தவறிட்டாங்கன்னு ஒரு பையோட குடுத்தாரு" என்றார்.

அத்தான்.

வண்டியை நேராகக் குடவாசலுக்கு விட்டேன். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நடவு மிஷின் ஒரு பக்கம் போக, மிஷின் ஏறாத மூலையில் அத்தான் முழங்கால் சேற்றில் நின்று நாற்று ஊன்றிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வரப்பில் நின்று கத்தினேன்.

"அக்கா பேனாவ வித்துட்டீங்களா?"

அவர் நிமிர்ந்தார். பார்த்தார்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் செத்தா போயிட்டேன்?"

"எங்க பெரியக்கா சொன்னுச்சு," என்றார் மெதுவாக. "போனவ வாய் வச்ச சாமான் வீட்டுல இருக்கக் கூடாதுன்னு. நானும் குடுத்துட்டேன்."

"அவங்க சொன்னா குடுத்துருவீங்களா?"

"சொல்லலேன்னாலும் குடுத்துருப்பேன் தமிழு. சட்டைப் பையில அத வச்சுக்கிட்டே சுத்துனேன் ஒரு மாசம். தாங்கல."

நான் இன்னும் திட்டினேன். அந்தப் பெரியக்காவையும் சேர்த்துத் திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, கையிலிருந்த நாற்றைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னும் எழுதுதா?"

"எழுதுது."

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார் அக்கா. சேற்றுக்கையைத் தூக்கி முகத்தை மூட முடியாமல், முழங்கையால் கண்ணைத் துடைத்தார். எனக்கு அவர் மேலிருந்த கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. போகவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அது உன் பக்கம் திரும்பிக்கொண்டது.

நீ ஏன் சொல்லவில்லை? என்னிடமே வந்து வயிற்று வலிக்கு மாத்திரை கேட்டாய். "வெறும் கேஸ்தான்டி" என்றாய். ரத்தம் போவதை என்னிடமும் சொல்லவில்லை, அத்தானிடமும் சொல்லவில்லை. "ஜமாபந்தி முடியட்டும், ஆஸ்பத்திரிக்கு வரேன்" என்று தள்ளினாய். அந்த வருடக் கணக்கு வழக்கெல்லாம் முடிந்தது, அடுத்த ஜமாபந்தியும் வந்து போயிற்று. அந்தத் தாலுகா ஆபீசில் உன் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். ஊரான் நிலத்தில் ஓர் அடி கூடக்குறைய விடாதவளுக்குத் தன் உடம்பு மட்டும் கணக்கில் வராதா?

அழுது முடித்ததும் அத்தானிடம் சொன்னேன். அடுத்த கண்காட்சியில் நான் சொந்தமாக மேஜை போடப் போகிறேன். என் பேனாக்களுக்கு நடுவில் உன் பேனா இருக்கும். விற்பனைக்கு இல்லை.

அவர் வரப்பிலிருந்து எழுந்தார். "நானும் வரேன்," என்றார். "அவ யாருன்னு யாராச்சும் கேட்டா நான் சொல்றேன். எனக்கும் அவளப் பத்திப் பேசணும்."

"வாங்க. ஆனா நான் உங்க மேல இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"இரு" என்றார்.

ஆக, முடிவு செய்தாகிவிட்டது அக்கா. உன் பேனாவை எந்தச் சக்கரத்திலும் வைக்க விடமாட்டேன். நிப்பை என் கைக்குத் தோதாகத் தேய்க்கவும் மாட்டேன், எனக்குக் கீறினால் கீறட்டும். மேஜைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் உன் பெயரையும் ஊரையும் தெருவையும் நானே முந்திக்கொண்டு சொல்வேன். சத்தமாகச் சொல்வேன். "மெதுவாப் பேசுடி, எல்லாரும் பாக்குறாங்க" என்று என் கையைக் கிள்ளுவதற்கு நீ பக்கத்தில் இருக்க மாட்டாய். அது உன் தப்பு.

உன் கோபக்காரத் தங்கச்சி,
தமிழரசி