மச்சானின் ஆர்க்கிட் செடிகளும் ஓர் அண்டா ரசமும்

மச்சான்,

வீடு முழுக்கப் புகையிலை நெடி. காலையிலிருந்து கொல்லையில் அடுப்பு மூட்டி, பழைய பெயிண்ட் டப்பாவில் நான்தான் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆறியதும் துணியில் வடிகட்டி, சோப்பைச் சீவிப் போட்டுக் கலக்கி, உங்கள் ஆர்க்கிட் செடிகளுக்கு அடிக்க வேண்டும். நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. இந்த ஐப்பசியிலாவது நிம்மதியாக உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம் என்று பார்த்தால், என் மகள் கலா சிதம்பரத்துக்குப் போய், உங்கள் பதினோரு தொட்டிகளையும் வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு வந்து கூடத்தில் இறக்கிவிட்டாள். "மாமா செடிப்பா, மழையில வுட்டுட்டு வர முடியுமா?" என்கிறாள். ஆளே போன பிறகும் தொல்லை போகவில்லை பாருங்கள்.

பதினொன்றில் ஐந்தில் மாவுப்பூச்சி. இலை இடுக்கில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளை வெள்ளையாக. எனக்கோ கண்ணில் புரை. மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கி, குச்சியில் பஞ்சைச் சுற்றி ஒவ்வொன்றாகத் துடைத்தெடுக்கிறேன். துடைக்கத் துடைக்க உங்கள் மேல்தான் கோபம் வருகிறது.

சரசுவைக் கட்டிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் குடித்தனம் வைத்த மறு வருஷமே இந்தக் கூத்து ஆரம்பித்துவிட்டது. நீங்கள் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கீழ வீதிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தீர்கள். மழை வந்தால் மூன்று இடத்தில் ஒழுகும். நாலாவது இடத்தில் கட்டில். ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்த மலைச் செடிகளுக்கு அங்கே எங்கே இடம்? ஐப்பசி அடைமழையில் நாள் முழுக்க நனைந்தால் குருத்து அழுகிவிடும் என்பீர்கள். ஆகவே தங்கச்சி வீட்டுக் கூடம். ஐப்பசி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே கார்டு வந்துவிடும். 'மாப்பிள்ளை அவர்களுக்கு, செடிகளுடன் ஞாயிறு பாசஞ்சரில் வருகிறேன்.' அவ்வளவுதான். சரசு சௌக்கியமா என்று ஒரு வரி இருக்காது.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் நான் போய் நிற்க வேண்டும். மூங்கில் கூடைகளில் கரித்துண்டும் ஓட்டாஞ்சல்லியும் நிரப்பிய தொட்டிகள், மரக்கட்டையில் கம்பி போட்டுக் கட்டிய செடிகள். ஒன்றில்கூடப் பூ இருக்காது. குதிரை வண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, பட்ட கட்டைய பத்தரமா எடுத்தாறீங்க?" என்று கேட்டபோது என்னால் தலை நிமிர முடியவில்லை. நீங்கள் அவருக்கு வழி நெடுக ஆர்க்கிட் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டு வந்தீர்கள். மஞ்சக்குப்பம் வருவதற்குள் அவர் குதிரையை இரண்டு முறை அடித்துவிட்டார்.

வந்ததும் நேரே கூடத்தில் வைத்தாலாவது பரவாயில்லை. அதுவும் கிடையாது. "பூச்சி பாக்காம உள்ள வெக்கக் கூடாது மாப்ளை. வெளியில இருந்தா மழையும் காத்தும் பாத்துக்கும். உள்ள வந்துட்டா பூச்சிக்கு ராஜபோகம்." ஆகவே முதல் நாள் தொட்டிகள் எல்லாம் தண்ணீரில் முங்கிக் கிடக்கும், எறும்பும் நத்தையும் வெளியே வருவதற்காக. வெளியே வந்தவை எங்கே போகும்? என் குளியலறைக்கு. அடுத்த நாள் இலை இலையாகப் பஞ்சால் துடைப்பது. அதற்கு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் ஸ்பிரிட். மதுவிலக்குக் காலம் மச்சான் அது! நான் அரசாங்கக் குமாஸ்தா. ஒருநாள் என் மேலதிகாரி ஏதோ கையெழுத்துக்காக வீட்டுக்கு வந்தவர், வாசல்படியிலேயே நின்று இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்தார். நான் செடியைக் காட்டினேன், பூச்சியைக் காட்டினேன், உங்களையும் காட்டினேன். அவர் கடைசிவரை நம்பவில்லை.

இத்தனைக்கும் பிறகு என் வீட்டுச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி பிடித்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். கேட்டால், "எறும்பு தூக்கிட்டுப் போயிருக்கும்" என்று எறும்பின் மேல் பழி போடுவீர்கள். கலாவின் தொட்டில் கொக்கியில் செடி தொங்கும். பிள்ளையை எங்கே போடுவது என்று கேட்டால் சரசு முந்திக்கொள்வாள். "அண்ணனுக்கு யாருங்க இருக்கா? நாமதான."

இவை எல்லாவற்றையும்விட என்னை வதைத்தது புகையிலைக் கஷாயம்தான். செதில் பூச்சிக்கு அதுதான் மருந்து என்று, எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவை எடுத்து அதில் காய்ச்சி, செடிகளைத் தலைகீழாகப் பிடித்து முக்கி எடுப்பீர்கள். சமையல் அண்டாவை எடுக்கிறாரே என்று நான் குதித்தேன். நீங்கள் அமைதியாக அதன் வளையத்தில் ஒரு கயிற்றைக் கட்டினீர்கள். "சரசு, இந்த அண்டா இனிமே எனக்கு. கயிறு கட்டின அண்டா அடுப்பாண்ட போகக் கூடாது. எத்தினி தேச்சாலும் போகக் கூடாது." அந்த அண்டாவின் வயிற்றில் ஒரு சொட்டை இருந்தது. அதனாலேயே அதைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னீர்கள், கயிறு அறுந்தாலும் அடையாளம் தெரியும் என்று. முன்யோசனை எல்லாம் பூச்சி விஷயத்தில் மட்டும் உங்களுக்கு நிறைய இருந்தது.

அப்புறம் கலாவின் காது குத்து. அறுபத்தைந்தோ அறுபத்தாறோ. பிள்ளைக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். மாமன் மடியில்லாமல் குத்தினால் அந்த மாமன் செத்துப்போனவன் என்றோ ஒதுக்கி வைக்கப்பட்டவன் என்றோதான் அர்த்தம். பெண்டாட்டி பிள்ளை இல்லாத உங்களுக்கு எங்கள் வீட்டில் மறுக்க முடியாத உரிமை என்று இருந்தது அந்த மடி ஒன்றுதான். எத்தனை ஆசையாக இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். தோட்டை ரோஸ் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு மாதமாக ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறீர்கள்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. விசேஷத்துக்கு நாலு நாள் முன்பே இருபத்து மூன்று தொட்டிகளுடன் வந்து இறங்கிவிட்டீர்கள். "விசேஷம் முடியட்டும் மச்சான், அப்புறம் எடுத்தாங்க" என்று நான் எழுதிய கார்டு கிடைக்கவில்லையாம். வியாழக்கிழமை அண்டாவில் புகையிலை. ஞாயிற்றுக்கிழமை அதே கொல்லையில் அறுபது பேருக்குச் சமையல்.

அன்று காலை கூடத்தில் ஆசாரி ஊசியோடு தயாராக உட்கார்ந்திருக்கிறார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக் கலா புதுப் பாவாடையில் ஓடிக்கொண்டிருக்கிறாள். உங்களை மணையில் உட்காரச் சொல்லிக் கூப்பிடுகிறோம். "செடி தொட்ட கை. கழுவிட்டு வந்துடறேன்" என்று கொல்லைப் பக்கம் போனீர்கள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. தடால் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ரச அண்டா கவிழ்ந்து கிடக்கிறது. கொல்லை வாய்க்காலில் கொத்தமல்லித் தழையும் தக்காளியும் மிதந்து போகின்றன. நடுவில் நீங்கள்.

"யோவ், பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்று சமையல்காரர் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தார். குமராட்சியிலிருந்து வந்திருந்த என் பெரியப்பா, "விசேச வூட்ல அடுப்புல இருக்கற பாத்தரத்த எவனாவது கவுப்பானா? அபசகுனம்டா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"இது பொகையில காச்சின அண்டா. சொட்ட இருக்கு பாருங்க. கொழந்தைங்க சாப்புடற ரசம்" என்றீர்கள்.

"கயிறு கட்டியிருந்துதே, கயிறு எங்க?" என்றேன்.

சமையல்கட்டு வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னீர்கள். "நான்தான் மாப்ளை. கழுவி வெச்சிட்டு, திரும்பக் கயிறு கட்ட மறந்துட்டேன்."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ. ரசம் கொட்டிய ஆத்திரம் மட்டும் இல்லை. குளியலறை நத்தை, மேலதிகாரியின் மூக்கு, தொட்டில் கொக்கி எல்லாம் சேர்ந்து வந்தது. ஊரே பார்க்கக் கத்தினேன். "ஒங்க செடியும் வாணாம், நீங்களும் வாணாம். என் பொண்ணு உக்கார வேற மடி கெடைக்காமலா போயிடும்?"

சொன்னதோடு விடவில்லை. சரசுவின் சித்தப்பா மகன் ஒருவன் பந்தியில் எப்போது உட்காரலாம் என்று காத்திருந்தான். அவனைப் பிடித்து மணையில் உட்கார வைத்தேன். கலா ஊசியைப் பார்த்ததும் "மாமா, மாமா" என்று கத்தினாள். அவன் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, "தோ இருக்கேண்டா கண்ணு" என்றான். நீங்கள் நடைவாசலில் ரசம் தெறித்த வேட்டியோடு நின்றீர்கள். போட்டது உங்கள் தோடுதான். ரோஸ் காகிதத்தை நீங்கள் யாரிடமோ கொடுத்தனுப்பினீர்கள். சரசு விசேஷம் முடியும்வரை அழுதாள். அண்ணனுக்காக அழுகிறாள் என்று நினைத்து அதற்கும் எரிச்சல்பட்டேன்.

சாயங்காலம் கொட்டுகிற மழையில் இருபத்து மூன்று தொட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். திண்டாடட்டும் என்று நான் சும்மா இருந்தேன்.

அடுத்த ஐப்பசிக்குக் கார்டு வரவில்லை. நிம்மதி என்று நாலு நாள் இருந்தேன். ஐந்தாம் நாள், சரசுவின் முகத்தைப் பார்க்க முடியாமல், நானே சிதம்பரத்துக்கு ரயிலேறினேன். உங்கள் அறையில் எட்டுத் தொட்டிகள்தான் இருந்தன. "மீதி?" என்றேன். "போன மழையில அழுவிடுச்சி" என்றீர்கள். வலது முழங்கைக்குக் கீழே தோல் சுருங்கி வெளுத்திருந்தது. கொதிக்கிற அண்டாவைக் கையால் தள்ளினால் வேறு என்ன ஆகும்? ஒரு வருஷம் கழித்துத்தான் அது என் கண்ணில் பட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன். வாயில் வந்தது, "கெளம்புங்க, வண்டிக்கு நேரமாச்சி" மட்டும்தான். நீங்கள் ஒரு தொட்டியைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டு, "இருங்க மாப்ளை, மொதல்ல எறும்பு இருக்கான்னு பாத்துடுவோம்" என்றீர்கள்.

அதன் பிறகு நாற்பது வருஷம். ஒரு கல்யாணம், ஒரு வளைகாப்பு விட்டதில்லை நான். பந்தியில் ரசம் வந்தாலே, "மச்சான் பக்கத்துல வெக்காதீங்கப்பா, கவுத்துடுவாரு" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். சரசு மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இன்று காலை புகையிலை கொதிக்கும்போது அவள் கொல்லை வாசலில் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். நெடி தாங்காமல் மூக்கைப் பொத்துகிறாள் என்று நினைத்து, "உள்ள போ" என்றேன். போகவில்லை. அழுதுகொண்டிருந்தாள்.

"அன்னிக்குக் கயித்த அவுத்தது நான்தாங்க" என்றாள். "பக்கத்து வூட்டு அண்டாவ வாங்கியாற மறந்துட்டேன். சமையக்காரரு அவசரப்படுத்தனாரு. புளி போட்டு ரெண்டு தடவ தேச்சிக் குடுத்துட்டேன். நான்தான்னு சொல்ல வந்தேன், அண்ணன் கண்ணக் காட்டிடுச்சி. அப்புறமா வண்டி ஏறும்போது சொல்லிச்சி, 'நீ கடைசி வரிக்கும் வாயத் தொறக்காத. மாப்ளை எங்கிட்ட கோவப்பட்டா நான் பஸ் ஏறிப் போயிடுவேன். ஒங்கிட்ட கோவப்பட்டா நீ எங்க போவ?'ன்னு."

மச்சான், எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் இருக்கிறதே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவளுக்கு முப்பது வயதில், நாற்பது வயதில், நமக்கெல்லாம் பல் விழுந்த பிறகாவது? பந்தியில் நான் உங்களைக் கேலி செய்தபோதெல்லாம் கூடச் சேர்ந்து சிரித்தீர்களே, எதற்கு? ஒருமுறையாவது முறைத்திருந்தால் எனக்கு உறைத்திருக்கும். பூச்சிக்கு அத்தனை மருந்து தெரிந்த மனிதருக்கு என்னிடம் ஒரு சண்டை போடத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் உங்களைத் திட்டித் தீர்த்த பிறகுதான் புரிந்தது. அண்டாவை யார் எடுத்துக் கொடுத்திருந்தால் என்ன? நீங்களே மறந்திருந்தாலும்தான் என்ன? கயிறு அவிழ்த்ததற்கும் மடிக்கும் சம்பந்தமே இல்லை. ரசத்தைக் கொட்டி அறுபது பேரைக் காப்பாற்றினீர்கள். உங்கள் மடியை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுத்தது நான். அதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள் மச்சான்.

சரசுவிடம் கேட்டேன். "அன்னிக்கே உண்மையச் சொல்லியிருந்தா நான் உன்ன என்ன பண்ணியிருப்பேன்?" சும்மா சமாதானத்துக்காவது, "என்ன பண்ணிடுவீங்க" என்பாள் என்று எதிர்பார்த்தேன். நாற்பத்து நாலு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள், நிதானமாக யோசித்துப் பார்த்துவிட்டு, "தெரியலீங்க" என்றாள்.

அந்த ஒரு சொல் காலையிலிருந்து என்னோடேயே இருக்கிறது. உங்களிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை இந்த மடலில் எழுதிவிட்டேன். அவளிடம் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, கேட்கலாமென்றால் நீங்களும் இல்லை.